கத்திக்கொண்டே நீட்டிய கை

முதலாவது, இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஆவணி மாதம், பாலாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் தணிகாசலத்தின் நாடியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் "உங்களுக்குப் பயம்" என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தது. இரண்டாவது, அதற்கு அடுத்த வருஷம் தை மாதம், இருதய மருத்துவர் ஒருவர் ஓடுகிற பட்டையின்மேல் பன்னிரண்டு நிமிஷம் ஓடவிட்டுவிட்டு, நெஞ்சு இரும்பாட்டம் இருக்கிறது, கோபத்தைத்தான் குறைக்க வேண்டும் என்று உபதேசம் செய்தது. மூன்றாவது, பதினொன்றாம் ஆண்டு, மனநல மருத்துவர், தோல் கம்பெனியில் வேலை போன ஆண்களுக்கு இப்படி வருவது சகஜம் என்று தேசம்மாளிடம் சொன்னது. அவரிடம் அல்ல, அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அவர் மனைவி தேசம்மாளிடம். நான்காவது, பதின்மூன்று, பிரஷர் மாத்திரை கொடுத்தவர் உப்பை அடியோடு நிறுத்தச் சொல்லி இத்தனை வருஷம் அவரைச் சப்பென்ற சோறு தின்னவைத்தது. ஐந்தாவது, பதினாறு, கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஸ்கேனில் இடது சிறுநீரகத்தின் தலைமாட்டில் கோலிக்குண்டு அளவு ஒரு கட்டி தெரிந்தும், "தற்செயலாகத் தென்பட்டது, பொருட்படுத்த வேண்டியதில்லை" என்று எழுதி உறைக்குள் போட்டுக் கொடுத்தது. ஆறாவது, பதினெட்டு பங்குனி, குடலிறக்க ஆபரேஷனுக்கு மேஜைமேல் படுக்கவைத்துக் கத்தி வைத்த மாத்திரத்தில் ரத்த அழுத்தம் எகிறி, இருதயம் தடுமாறி, அவசரமாகத் தைத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்து, "ஆளு ரொம்பப் பயந்துட்டாரு" என்று வாசலில் நின்றவர்களிடம் சொன்னது. ஆறு பேருடைய பெயரும், பட்டமும், கதவில் எழுதியிருந்த பார்வை நேரமும் தணிகாசலத்துக்கு மனப்பாடம். துண்டறிக்கையில் குற்றங்கள் முதலில் வர வேண்டும், தேதிவாரியாக வர வேண்டும், கோரிக்கை அப்புறம்தான். முப்பது வருஷம் அப்படித்தான் எழுதினார். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றவர் எழுத்துக் கூட்டிப் படித்ததே சங்கத்தின் துண்டறிக்கையில்தான், மை காயாத தாளில், விரலில் ஒட்டிய எழுத்தில். இப்போதும் தள்ளுவண்டியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டரின் முன்னறையில், சுவர்க் கடிகாரம் ஏழு நாற்பது காட்டும்போது, மனசுக்குள் அச்சுக் கோத்துக்கொண்டிருக்கிறார். ஆறு வரைக்கும் தங்குதடை இல்லாமல் வந்துவிடுகிறது. ஏழாவது எண்ணைப் போட்டதும் அங்கே ஒரு வெற்றிடம், அச்செழுத்து விழுந்துபோன பள்ளம் மாதிரி. அதில் வர வேண்டியது குற்றம் இல்லை. அதனால்தான் அதை எப்படி எழுதுவது என்றே அவருக்குத் தெரியவில்லை.

காலை ஆறு மணிக்குக் கொடுத்த மாத்திரை தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தது. பதினைந்து நாளாக வேறொரு மாத்திரை. அதைத் தின்றால் மூக்கு அடைத்துக்கொள்ளும், எழுந்து நின்றால் தரை சாயும், ஆனால் அந்தப் பிசாசு வரவில்லை. பதினைந்து நாளில் ஒருமுறைகூட வரவில்லை. அது எப்படி வரும் என்பதை அவர் ஆறு பேரிடமும் சொல்லியிருக்கிறார். முதலில் உச்சந்தலையில் சம்மட்டி. பிறகு நெஞ்சுக்குள் தறி ஓடுவது போலத் தடதடவென்று. பிறகு வேர்வை, தண்ணீர் ஊற்றினாற்போல. முகம் வெளுத்து, கை நடுங்கி, ஏதோ ஒன்று பின்னாலிருந்து கழுத்தைப் பிடிக்க வருகிறது என்ற எண்ணம், என்னது என்று திரும்பினால் ஒன்றுமில்லை, அரைமணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். அடங்கிய பிறகுதான் டாக்டரிடம் போக முடியும். போனால் எல்லாம் சரியாக இருக்கும். சிரிப்பார்கள். "தணிகை மலையிலதான் முருகனுக்கே கோவம் தணிஞ்சிச்சாம், இந்த மலை தணியவே தணியாது போலக்கீதே" என்று சங்கத்து ஆட்கள் முன்பு கேலி பண்ணியதும் இதே சிரிப்புத்தான். பதினைந்து நாளாக உப்பு வேறு. நிறையப் போட்டுச் சாப்பிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், உங்கள் ரத்தக் குழாயெல்லாம் சுருங்கிக் கிடக்கிறது, அது விரிய விரிய உள்ளே நிரப்ப வேண்டும் என்று மயக்க மருந்து டாக்டர் ரெஹானா சொன்ன அன்று, தேசம்மாள் ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்து சோற்றின்மேல் வைத்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நாக்கில் உப்பு. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்று சொல்லிவிட்டார். அந்த நாலாவது ஆள் இப்போது எங்கே இருப்பான். இருக்கட்டும். ஊறுகாய் நன்றாக இருந்தது.

"தண்ணி கிண்ணி கேக்கக் கூடாது சார், வாய் காஞ்சா சொல்லுங்க, பஞ்சுல நனைச்சு வைக்கச் சொல்றேன்" என்றார் தள்ளுவண்டிக்காரர். சகாயம் என்று சட்டையில் எழுதியிருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"எத்தினி வருசமா இந்த வண்டி தள்ற?"

"பதினோரு வருசம்."

"பர்மனென்டா?"

"கான்ட்ராக்ட்டு."

"பதினோரு வருசமாவா? உங்களுக்குள்ள சங்கம் எதனா கீதா?"

சகாயம் குனிந்து அவர் காதுக்குப் பக்கத்தில் சொன்னார்: "சார், நீங்க மொதல்ல உள்ள போயி நல்லபடியா வெளிய வாங்க. அப்புறமா என் வேலைக்கு உலை வைக்கலாம்."

தணிகாசலம் சிரித்தார். சிரித்தபோது வயிறு குலுங்கியது, இடப்பக்கம் அறுவை டாக்டர் அருட்செல்வம் நீல மையால் போட்டிருந்த அம்புக்குறி தோலோடு சேர்ந்து அசைந்தது. நேற்று சாயங்காலம் வார்டுக்கு வந்து, சட்டையைத் தூக்கச் சொல்லி, எந்தப் பக்கம் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்துப் போட்ட அம்பு. தேர்தல் வருவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே ஆள் விட்டுச் சுவரெல்லாம் கட்சிப் பெயரெழுதி மடக்கிவைப்பார்களே, அப்படி மடக்கிய சுவர் இது. இதில் இனி வேறு யாரும் எழுத முடியாது. சுண்ணாம்பு வாளியும் மட்டைத் தூரிகையுமாக எத்தனை சுவர் எழுதியிருப்பார், ஒருநாளும் நினைத்ததில்லை தன் வயிற்றின்மேல் ஒருவன் எழுதுவான் என்று. எழுதியவன் நல்ல பிள்ளை. கட்டியைத் தொட்டாலே அது தன் சரக்கைக் கொட்டும் ஐயா, அதனால் முதலில் அதிலிருந்து கிளம்புகிற ரத்தக் குழாயைக் கட்டிவிட்டு, அப்புறம்தான் எடுப்போம், தூங்குகிற குழந்தையைப் பாயிலிருந்து எடுக்கிற மாதிரி எடுப்போம் என்றான். இந்தக் கட்டி லட்சம் பேரில் ஒருத்தருக்கோ இரண்டு பேருக்கோ வருவது என்றும் சொன்னான். அதைக் கேட்டு அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பெரும்பான்மையோடு அவர் எப்போது ஒத்துப்போனார். ஆனால் அந்தக் குடலிறக்க மேஜை. உருண்டை விளக்கு. முகமூடிக்கு மேலே இரண்டு கண் திடீரென்று அகலமானது. யாரோ ஒருவர் எண்ணைச் சொன்னார், சொன்ன எண்ணை இன்னொருவர் நம்பவில்லை, திரும்பச் சொன்னார். கீழ்ப்பாதியை மட்டும் மரக்கவைத்திருந்தார்கள், அதனால் எல்லாம் கேட்டது. உள்ளே எரிந்தது, காது கிழிந்தது, சாவது இப்படித்தானா, இவ்வளவு சத்தமாகவா என்று நினைத்தது. பிறகு ஒன்றுமில்லை. இன்றைக்கும் அதே போன்ற விளக்குத்தான் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும். எட்டரைக்கு உள்ளே. ஏழு ஐம்பத்திரண்டு. தேசம்மாள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், சிவப்புக் கோட்டுக்கு வெளியே, கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கைபேசி இன்னும் மணி அடிக்கவில்லை. அடித்திருந்தால் எழுந்திருப்பாள்.

அந்த ஏழாவது ஆள், ஒரு செவிலியர், அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. ஏழு மாதத்துக்கு முன்னால், தாலுகா மருத்துவமனை, காலை பத்து மணி. பிசாசு வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டது, தேசம்மாள் ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனாள், டாக்டர் பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கிறார், உட்காருங்கள் என்று சொன்னதும் தணிகாசலம் கத்த ஆரம்பித்தார். ஜனங்களின் வரிப்பணம் என்றார். எத்தனை படுக்கைக்கு எத்தனை டாக்டர் என்று அரசாணை இருக்கிறது, தெரியுமா என்றார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது, குரல் அவருடையதாக இல்லை, கும்பல் கூடிவிட்டது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த செவிலியர், ஐம்பது வயது இருக்கும், தெற்கத்திப் பேச்சு, மூக்குக் கண்ணாடியைத் தூக்கி அவரைப் பார்த்தார். பயப்படவில்லை. கோபப்படவும் இல்லை. "கத்துங்க. கத்திக்கிட்டே கைய நீட்டுங்க" என்றார். அவரும் கத்திக்கொண்டே கையை நீட்டினார். இதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு வெட்கமாகவும் சிரிப்பாகவும் வரும், எந்த மேனேஜருக்கும் நீட்டாத கை, அரசாணை நம்பரைச் சொல்லிக்கொண்டே நீட்டியது. பிரஷர் பட்டை இறுகியது, தளர்ந்தது. அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதினார். பத்து மணி ஐந்து, இருநூற்று முப்பத்தாறு, கீழே நூற்று முப்பது. "கத்தி முடிச்சிட்டீங்களா, இல்ல இன்னும் இருக்கா?" என்று கேட்டார். "இருக்குன்னா கத்துங்க, நான் எங்கயும் போகல." பத்து இருபதுக்கு ஒருமுறை. பத்து நாற்பத்தைந்துக்கு ஒருமுறை. பதினொன்று பத்துக்கு ஒருமுறை, அப்போது அவர் அடங்கிப்போய்ப் பெஞ்சில் சாய்ந்திருந்தார், நூற்றுப் பதினெட்டு, கீழே எழுபத்தாறு. நாலு வரி. பக்கத்தில், முகம் வெளுப்பு, வேர்வை, தலைவலி, தானாக அடங்கியது. ஐந்து பேர் பிசாசு போன பிறகு வந்து வீட்டைப் பார்த்தவர்கள், ஆறாமவர் அது ஆடக் கண்டு கதவைச் சாத்தியவர்; இவர் ஒருவர்தான் அது ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து மணி பார்த்தவர். "இதப் பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க. மருந்துச் சீட்டு தொலைஞ்சாலும் பரவாயில்ல, இது தொலையக் கூடாது" என்றார். தொலைக்கவில்லை. துண்டறிக்கைக்காரர் தாளைத் தொலைப்பாரா. அந்த நாலு வரியைப் பார்த்துத்தான் சென்னையில் ஒருநாள் முழுவதும் பெய்த சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். வெள்ளைக் கேனை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கண்டக்டர் "இன்னா பெர்சு, கேன்ல?" என்றான். "ஆதாரம்" என்றார் தணிகாசலம். தேசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஆதாரத்தில் இருக்க வேண்டியதைப் போல எட்டு மடங்கு ஏதோ சுரந்திருந்தது, பிறகு ஸ்கேன், பிறகு அம்பு, பிறகு இந்த வண்டி. எல்லாம் அந்தத் துண்டுத் தாளிலிருந்து. அது இப்போதும் அவர் கால்மாட்டில் இருக்கிற கேஸ் ஃபைலில் குத்திவைக்கப்பட்டிருக்கிறது. அடியில் ஒரு கோணல் கையெழுத்து, பாதி வட்டமும் ஒரு வாலும். பெயர் இல்லை.

பெயர் கேட்கவில்லை. தணிகாசலம் பெயர் கேட்கவில்லை. பெயர் கேட்காமல் எந்த வாசலையும் விட்டு வராதே என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர், திட்டினவன் பெயர், தள்ளினவன் பெயர், பூட்டுப் போட்டவன் பெயர், எல்லாம் கேட்டு எழுதி நோட்டுப் போட்டுவைத்தவர், அந்தப் பெஞ்சில் ஒருமணி நேரம் உட்கார்ந்திருந்தும் கேட்கவில்லை. சிஸ்டர் என்றார், அவ்வளவுதான். நேற்றைக்கு முந்தின நாள் வார்டில் படுத்துக்கொண்டு குற்றங்களை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தபோதுதான் அது குத்தியது. நாளை மறுநாள் மேஜையிலேயே போய்விட்டால், வீட்டு அலமாரியில் அந்த நோட்டு இருக்கும். எடுத்துப் படிக்கிறவன் என்ன நினைப்பான். இந்த மனுஷனுக்குக் கெடுதல் செய்தவர்கள் ஆறு பேர், பெயரோடும் தேதியோடும். நல்லது செய்தவர் ஒருவரும் இல்லை என்று நினைப்பான். அது பொய். துண்டறிக்கையில் காரம் இருக்கலாம், பொய் இருக்கக் கூடாது. அன்றிலிருந்து அவருக்கு ஆபரேஷனைப் பற்றிய பயம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது, அந்த இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது: உள்ளே போவதற்குள் பெயர் வேண்டும். நேற்றுக் காலை, பழைய சங்கத் தோழன் எட்டியப்பன் வந்தான். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு வந்தான். தேசம்மாள் சொல்லியனுப்பியிருக்கிறாள், ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்று. வந்தவனைச் சர்க்கரை இருக்கிறது, வயசும் ஆகிவிட்டது என்று ரத்த வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டில் ஓரத்தில் வந்து நின்று, "ரத்தம் கூட வேணாம்னுட்டானுங்க தோழர்" என்றான். இடது புருவத்தில் அந்தத் தழும்பு அப்படியே இருந்தது. தணிகாசலம் கேஸ் ஃபைலில் இருந்த துண்டுத் தாளைக் காட்டினார். பிறகு, "வேற ஒரு வேல கீது. செய்வியா?" என்றார். எட்டியப்பன் துண்டுத் தாளைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினான். ராத்திரி தேசம்மாளுக்குப் பேசினான். அந்த அம்மா மாற்றலாகிப் போய்விட்டாராம், எங்கே என்று சொல்ல ஆள் இல்லையாம், காலையில் பார்க்கிறேன் என்றானாம். எட்டு மணி நாலு நிமிஷம். தேசம்மாள் எழுந்திருக்கவில்லை.

அந்தத் தழும்பு. இரண்டாயிரத்து மூன்று, சங்கத்தின் பொதுக்குழு. எட்டியப்பன் கம்பெனியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தான். முப்பத்திரண்டு பேர் வேலைக்குத் திரும்பலாம், ஒன்பது பேர் திரும்ப முடியாது. ஒன்பதில் தணிகாசலம் ஒருவர். அவன் எழுந்து பேசும்போது இவருக்கு உச்சந்தலையில் இடித்தது, வேர்த்தது, கையில் இருந்த டீ கிளாஸ் போய் அவன் புருவத்தில் உடைந்தது. அடக்க முடியாத கோபக்காரர், சங்கத்தின் நல்ல பெயருக்குக் கேடு என்று தீர்மானம் போட்டு நீக்கினார்கள். அவர் தன் கையால் வளர்த்த சங்கம். நோட்டில் அந்தத் தீர்மானத்தில் கைதூக்கினவர்கள் பெயரும் இருக்கிறது, அது வேறு பக்கம். இப்போது, கட்டி எத்தனை வருஷமாக உள்ளே இருந்திருக்கும் என்று டாக்டர் அருட்செல்வத்தைக் கேட்டபோது, பத்தும் இருக்கலாம், இருபதும் இருக்கலாம் ஐயா என்றான். இருபது. அந்த வார்த்தை அவருக்குள் போய் வேலை பார்த்தது. அப்படியானால் கிளாஸை எறிந்தது கட்டி. நான் இல்லை. தீர்மானத்தைத் திரும்பப் பெறச் சொல்லலாம், மருத்துவச் சான்றிதழோடு. ஒரு பகல் முழுக்க அந்த நினைப்பு இனித்தது, சாயங்காலம் கசந்தது. கிளாஸை எறிந்தது கட்டியென்றால், எண்பத்து நாலில் கம்பெனி வாசலில் லாரிக்கு முன்னால் படுத்தது யார். சுண்ணாம்புக் குழியில் விஷவாயு தாக்கிச் செத்த மூன்று பேரின் பெயரை மேடையில் வாசித்தபோது குரல் நடுங்கியதே, அது யாருடைய நடுக்கம். எல்லாவற்றையும் இப்போது எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்திருக்கும் அந்தக் கட்டிதான் செய்தது என்றால் அவர் யார், அதைச் சுமந்து திரிந்த கோணிப்பையா. இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மூன்று நாள் வைத்திருந்து, நேற்று டாக்டர் ரெஹானாவிடம் கேட்டார். அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "படபடப்பு, வேர்வை, தலைவலி, அந்தக் காரணமில்லாத பயம், இதெல்லாம் அதோட வேலை. எதுக்குக் கோவப்படணும்னு ஒரு கட்டிக்குத் தெரியாதுங்க. அதுக்கு அரசாணை நம்பரெல்லாம் தெரியாது" என்றார். தணிகாசலத்துக்கு அந்த நிமிஷம் ஏதோ ஒரு சொத்து மீண்ட மாதிரி இருந்தது. லாரி அவருடையது. மூன்று பெயர் அவருடையது. அப்படியானால் டீ கிளாஸும் அவருடையதுதான், அதைமட்டும் கட்டியின் கணக்கில் தள்ள முடியாது. வெளியே வந்தால் முதல் வேலையாக எட்டியப்பனிடம் சொல்ல வேண்டும், கட்டி எறியலடா, நான்தான் எறிஞ்சேன். வந்தால். வருவேன். வராமல் போனால் அதை யார் சொல்வார்கள். எட்டு மணி பதினொன்று.

நன்றி என்ற சொல் அவருடைய துண்டறிக்கையில் ஒருமுறைகூட வந்ததில்லை. கைகூப்பாதே என்றுதான் சொல்லிக்கொடுத்தார். வேலை கொடுத்தால் அது உன் உரிமை, மருந்து கொடுத்தால் அது உன் உரிமை, உரிமைக்கு நன்றி சொன்னால் அது பிச்சையாகிவிடும். அதனால்தான் இந்த மருத்துவமனையிலும் யாரையும் கும்பிடவில்லை. ஒப்புதல் தாளை நீட்டியபோது, இங்கிலீஷில் இருப்பதில் கையெழுத்துப் போட மாட்டேன், தமிழில் வாசியுங்கள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசியுங்கள் என்றார். பயிற்சி டாக்டர் பெண் ஒருத்தி நின்றுகொண்டே வாசித்தாள், ரத்தம் போகலாம், பக்கவாதம் வரலாம், உயிருக்கும் ஆபத்து நேரலாம் என்று வாசித்தாள், வார்டே கேட்டது. முடித்ததும் பதினோராம் நம்பர் கட்டில்காரர், "எனக்கும் இப்புடிப் படிச்சாத்தான் கையெழுத்து" என்றார். பிறகு பன்னிரண்டாம் நம்பர் கட்டில்காரர். அந்தப் பெண்ணுக்கு அன்று சாப்பாடு மூன்று மணிக்கு. அவள் முகம் சுளிக்கவில்லை. அதற்கும் இவருக்கு ஏதோ சொல்லத் தோன்றியது, சொல் வரவில்லை. நெஞ்சில் இத்தனை நாளாக ஏதோ நிறைகிறது, உப்பும் தண்ணீரும் குழாய்களில் நிறைகிற மாதிரி, அதை எதில் ஊற்றுவது என்று தெரியவில்லை. கும்பிட்டால் அவர் அவராக இருக்க மாட்டார். கும்பிடாமல் போனாலோ, ஆறு பேர் அவருக்குச் செய்ததை அவரும் செய்தவராவார், எதிரில் இருந்த ஆளைப் பார்க்காமல் போனவர். சங்கத்தில் அதற்கு ஒரு வழி இருந்தது. நீக்கப்பட்ட தொழிலாளியைத் திரும்ப எடுத்துக்கொண்டால், நிர்வாகத்துக்கு நன்றி சொல்ல மாட்டார்கள், அவனுக்கு மாலை போட மாட்டார்கள். வாசலில் நிறுத்திப் பெயரை வாசிப்பார்கள். முதலில் இடம், பிறகு செய்கிற வேலை, கடைசியில் பெயர். குறைந்தது மூன்று சாட்சி கை தூக்க வேண்டும். நாளைக்கு யாரும் இந்த ஆள் இங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வாசிப்பது எப்போதும் தணிகாசலம்தான். மழையில், வெயிலில், போலீஸ் வேனுக்கு எதிரில் வாசித்திருக்கிறார். இடம், வேலை, பெயர். பெயர் மட்டும் இருந்தால். காலையில் வண்டி ஏறும்போது தேசம்மாள் கேட்டாள், "இன்னா, பயமாக்கீதா?" "பயமா? எனக்கா?" என்றார். "உனக்கில்லன்னா போ. ரெண்டு பேருக்கும் சேத்து நானே பட்டுக்கிறேன்" என்றாள். அவள் கையை விடும்போது, "போன் வந்தா உடனே சொல்லியனுப்பு" என்று மட்டும் சொன்னார். அவளுக்கு வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். நாற்பது வருஷம். அவள் பெயரையும் ஒருநாளும் எங்கேயும் வாசித்ததில்லை. எட்டு இருபது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீலப் புடவை எழுந்து நின்றது.

கைபேசி காதில். தலையை ஆட்டுகிறாள். மறுபடி ஆட்டுகிறாள். கதவைத் தட்டுகிறாள், சிவப்புக் கோட்டைத் தாண்டாமல், உடம்பை மட்டும் வளைத்து. "சகாயம், அங்க போ" என்றார் தணிகாசலம், சங்கத்து ஆளிடம் சொல்கிற குரலில், சகாயமும் போனார். கதவு கொஞ்சம் திறந்தது, மூடியது. திரும்பி வரும்போது சகாயம் பேனாவால் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டே வந்தார்.

"கிடைச்சிருச்சு சார். உங்க ஆளு ராத்திரி பஸ் ஸ்டாண்டுலயே படுத்துட்டாராம். காலைல ஏதோ கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல போயி அந்தம்மாவயே பாத்துட்டாரு. குழந்தைங்களுக்கு ஊசி போட்டுக்கிட்டிருந்தாங்களாம்."

"இன்னா சொன்னாங்க?"

"எந்தப் பேஷன்ட்டுன்னு கேட்டிருக்காங்க. கத்தினவருன்னு இவரு சொல்லியிருக்காரு. எல்லாரும்தான் கத்துவாங்கன்னு சொன்னாங்களாம்."

ஞாபகம் இல்லை. அந்த அம்மாவுக்கு அவரை ஞாபகமே இல்லை. தணிகாசலம் கூரையில் ஒரு குழல்விளக்கைப் பார்த்தார். முதலில் சுருக்கென்றது, அவரை ஒருத்தர் மறப்பதாவது. பிறகு அந்தச் சுருக்கு மெதுவாக வேறொன்றாக மாறியது. அவருக்காகச் செய்யவில்லை. அவர் யார் என்று பார்த்துச் செய்யவில்லை. யார் கத்தினாலும் கையைப் பிடித்து, மணி பார்த்து, நாலு வரி எழுதியிருப்பார், எழுதியிருக்கிறார், இப்போதும் எங்கேயோ எழுதிக்கொண்டிருக்கிறார். வாழ்நாளெல்லாம் அவர் கேட்டது அதைத்தானே. "என் கைல எழுது" என்று வலது உள்ளங்கையை விரித்தார். சகாயம் தன் கையைப் பார்த்து அவர் கையில் எழுதினார், பேனா முனை கூசியது. வண்டி நகர்ந்தது. கதவு, குளிர், உருண்டை விளக்கு. அதே விளக்கு. உள்ளே ஏதோ புரண்டது, வருகிறதா, இல்லை, மாத்திரை பிடித்துக்கொண்டிருக்கிறது, இது வெறும் பயம், அவருடைய சொந்தப் பயம், இருந்துவிட்டுப் போகட்டும். மேஜைக்கு மாற்றினார்கள். டாக்டர் ரெஹானாவின் கண் முகமூடிக்கு மேலே தெரிந்தது, அகலமாகவில்லை, சாதாரணமாக இருந்தது. தலைமாட்டில் நின்ற தியேட்டர் செவிலியர் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு உரக்க வாசித்தார். "நோயாளி பெயர், கோ. தணிகாசலம். வயது அறுபத்தாறு. இடது பக்கம், சிறுநீரகத்துக்கு மேலே உள்ள கட்டியை அகற்றுவது. சரிதானாங்க?"

"சரி" என்றார். தன் பெயரை இன்னொருவர் வாசித்துக் கேட்பது இதுதான் முதல் தடவை என்று அவருக்குத் தோன்றியது. நீதிமன்றத்தில் கூவியிருக்கிறார்கள், அது வேறு.

பிறகு அங்கிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரையும் வேலையையும் சொன்னார்கள், வழக்கம் போலிருக்கிறது. அருட்செல்வம், அறுவை. ரெஹானா, மயக்க மருந்து. சுவரோரமாக ஒருவர் கழுவிய கைகளை எதிலும் படாமல் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், வாசல் கூட்டத்தில் சாட்சிக்குத் தூக்கின மாதிரியே.

"ஆரம்பிக்கலாமாங்கய்யா?" என்றார் ரெஹானா.

"இன்னும் ஒரு பேர் கீது டாக்டர். படிச்சிடறேன். நீங்கள்லாம் கேட்டுக்கணும், அவ்ளோதான். மூணு பேர் போதும், இங்க அஞ்சு பேர் கீறீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அருட்செல்வம் பக்கத்தில் வந்து நின்றான். கேஸ் ஃபைலில் குத்தியிருந்த துண்டுத் தாளை ரெஹானா ஒருமுறை பார்த்தார், பிறகு மருந்து ஊசியை வைத்திருந்த கையைக் கீழே இறக்கினார். மூக்குக் கண்ணாடி வார்டில் இருந்தது. தணிகாசலம் வலது கையை முடிந்த மட்டும் தூர நீட்டி, விளக்குக்கு நேரே உள்ளங்கையை விரித்து, கம்பெனி வாசலில் வாசித்த அதே குரலில், இடம், வேலை, பெயர் என்று வரிசை தவறாமல் வாசித்தார்.

"தாலுகா அரசு மருத்துவமனை. வெளிநோயாளி பிரிவுச் செவிலியர். அ. ஜெபக்கனி."